டிபன் பாக்ஸிலிருந்து பிஸ்கட்டை எடுத்தது நியாயமா?

கேள்வி சுருக்கமாக இது. இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கு மதியச் சாப்பாட்டோடு இரண்டு பிஸ்கட் வைத்து அனுப்பியிருக்கிறார் ஒரு அம்மா. 'சாக்லேட், பிஸ்கட், கேக், சிப்ஸ் கொண்டுவரக் கூடாது' என்பது பள்ளியின் விதி. டீச்சர் பிஸ்கட்டை எடுத்து வைத்துக்கொண்டு டைரியில் ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டார். பிள்ளை அழுதுகொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறாள். அதே வாரம் பள்ளியிலேயே சமைத்துப் போடும் சாப்பாட்டில் கேக் இருந்ததாம். கணக்கில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளுக்கு மிட்டாயும் கொடுத்தார்களாம். 'என் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று சொல்ல இவர்கள் யார்? இது எந்த ஊர் நியாயம்?' என்று அவர் கேட்கிறார்.

விதி போட்டதில் தப்பில்லை. அதை ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டியது தப்பு. தன் சமையலறையில் கேக்கை வைத்துக்கொண்டு வீட்டு பிஸ்கட்டைப் பிடுங்கியது அதைவிடப் பெரிய தப்பு. பிள்ளைகளின் உணவு பற்றி ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. இந்த மாதிரி விதிகளை எழுதவும் திருத்தவும் பள்ளிகளோடு உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இரண்டு தரப்பும் என்ன சொல்லும் என்பது ஓரளவு தெரியும்.

முதலில் 'இவர்கள் யார்' என்ற கேள்விக்கு வருவோம். கோபத்தில் கேட்டாலும் சரியான கேள்விதான். பள்ளி உணவு பற்றிய சட்டங்கள் பொதுவாகப் பள்ளி எதை விற்கிறது, எதைப் பரிமாறுகிறது என்பதைத்தான் பார்க்கின்றன. இங்கிலாந்தில் 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பள்ளி உணவுத் தரவிதிகள் பள்ளிச் சாப்பாட்டில் மிட்டாயும் சாக்லேட்டும் கூடாது என்கின்றன. வீட்டிலிருந்து வரும் டப்பாவுக்கு அவை பொருந்தாது. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2020-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை, கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் விற்கக் கூடாது என்கிறது. அதுவும் விற்பனையைப் பற்றியதுதான். அம்மா கட்டிக் கொடுக்கும் டப்பாவைச் சட்டம் தொடுவதில்லை. அதை அந்தந்தப் பள்ளியின் பொறுப்பில் விட்டுவிடுகிறது.

ஆக, பள்ளிக்கு அந்த அதிகாரம் உண்டு. ஆனால் அது சீருடை விதி போட்டதைப் போன்ற அதிகாரம்தான்: பிள்ளையைச் சேர்க்கும்போது நாம் ஒப்புக்கொண்ட ஓர் உள்விதி. நாம் ஒப்புக்கொண்டதால் நிற்கிற விதியை நம்மிடம்தான் பேச வேண்டும். பின்னால் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

பள்ளிகள் ஏன் இந்த விதிக்குப் போகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருந்து பார்த்தால் அது தெரியாது. சாப்பாட்டு இடைவேளை சின்னது. கை கழுவி, டப்பா திறந்து உட்காருவதற்குள் பாதி போய்விடும். முப்பது பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர். டப்பாவில் சாக்லேட் இருந்தால் கை முதலில் அங்கேதான் போகும். அதைத் தின்றதும் மூடியை மூடிவிட்டு ஓடிவிடுவார்கள். சோறோ ரொட்டியோ அப்படியே வீட்டுக்குத் திரும்பும். பண்டமாற்றும் நடக்கும்: ஒரு சாக்லேட்டுக்கு ஒருத்தன் சாப்பாட்டையே கொடுத்துவிடுவான். இல்லாதவன் இருப்பவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பான். சர்க்கரை, கொலஸ்ட்ரால் என்றெல்லாம் சுற்றறிக்கையில் எழுதுவார்கள். ஆனால் ஆசிரியர்களோடு தனியாகப் பேசினால் அவர்கள் சொல்வது இந்தப் பாதி காலியான டப்பாக்களையும் பங்குச் சண்டைகளையும்தான். எனக்கு இந்தக் காரணம் ஆரோக்கியக் காரணத்தைவிட வலுவாகப் படுகிறது.

ஆரோக்கியக் காரணமும் பொய்யில்லை. லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் 8, 9 வயதுப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் டப்பாக்களை 2006-இலும் 2016-இலும் திறந்து பார்த்தார்கள். பள்ளிச் சாப்பாட்டுக்கென்று வைத்திருக்கும் தரத்தை எட்டியவை முதல் முறை நூற்றுக்கு 1.1, பத்து வருடம் கழித்து 1.6. அதாவது நூறு டப்பாவில் இரண்டுகூடத் தேறவில்லை. அந்தப் பெற்றோர் எல்லாரும் அக்கறை இல்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. காலையில் அவசரத்தில் கட்டுகிற டப்பா அப்படித்தான் இருக்கும்.

இனி, எதைத் தடுப்பது என்பதில் பள்ளிகள் சறுக்குகிற இடம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன கணக்கு: ஒரு நாளில் உடலுக்குக் கிடைக்கும் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழேதான் 'தனிச் சர்க்கரை' இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் இன்னும் நல்லது. நாளுக்கு 1600 கலோரி தேவைப்படும் ஒரு பிள்ளைக்கு 10 விழுக்காடு என்றால் 40 கிராம். 5 என்றால் 20 கிராம். நாம் சேர்க்கும் சர்க்கரை மட்டுமல்ல, தேனும் பழச்சாற்றில் இருப்பதும் தனிச் சர்க்கரைதான். முழுப் பழத்தில் இருப்பது இந்தக் கணக்கில் வராது.

இப்போது இரண்டு டப்பாவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இரண்டு சாதாரண பிஸ்கட், ஒரு பாட்டில் தண்ணீர். கிரீம் வைக்காத சின்ன பிஸ்கட் என்றால் இரண்டிலும் சேர்த்து மூன்று நான்கு கிராம் சர்க்கரை இருக்கும். இன்னொன்றில் பிஸ்கட் இல்லை. 200 மில்லி பழச்சாறு இருக்கிறது, '100 விழுக்காடு பழம்' என்று அட்டையில் போட்டிருக்கிறது. அதில் சுமார் 20 கிராம். முதல் டப்பா விதியை மீறியது. இரண்டாவது பாராட்டு வாங்கும். எத்தனையோ பள்ளிப் பட்டியல்களில் 'அனுமதிக்கப்பட்டவை' பக்கம் ஜூஸ் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். விதி எழுதியவர்கள் பண்டத்தின் பெயரைப் பார்த்தார்களே தவிர உள்ளே இருப்பதைப் பார்க்கவில்லை. சர்க்கரையைக் குறைக்க வேண்டும் என்பது உண்மையான நோக்கமாக இருந்தால் முதல் வரி 'குடிக்கத் தண்ணீர் மட்டும்' என்று இருந்திருக்க வேண்டும். அந்த ஒரு வரி, சாக்லேட் தடையைவிட அதிகம் செய்யும்; யாருடைய டப்பாவையும் கிளறத் தேவையும் இல்லை.

பல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே கேள்வி எவ்வளவு என்பதோடு முடியாது, எத்தனை தடவை என்பதும் உண்டு. ஸ்வீடனில் விப்பெஹோம் என்ற, அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான காப்பகத்தில் 1940-களில் தொடங்கிய ஆய்வு இதைக் காட்டியது. அங்கிருந்தவர்களிடம் ஒப்புதல்கூடக் கேட்காமல் ஒட்டும் மிட்டாயைத் தின்னக் கொடுத்து அவர்கள் பல்லைச் சொத்தையாக்கிய ஆய்வு அது. இன்று யாரும் நியாயப்படுத்த மாட்டார்கள். ஆனால் முடிவு தெளிவாக வந்தது: சாப்பாட்டோடு சேர்த்து உண்ட சர்க்கரையைவிட, சாப்பாட்டுக்கு நடுநடுவே தின்ற, பல்லில் ஒட்டிக்கொள்ளும் இனிப்புதான் பல்லை அரித்தது. அந்தக் கணக்கில், மதியம் சாப்பிட்டு முடித்த கையோடு ஒரு துண்டு சாக்லேட் தின்பது, சின்ன இடைவேளைகளில் ஜூஸை உறிஞ்சிக்கொண்டே இருப்பதைவிடத் தேவலை. இந்த அம்மாவின் பிஸ்கட் மதியச் சாப்பாட்டோடு போயிருக்கிறது. முழு மதிப்பெண்ணுக்கு டீச்சர் கொடுத்த மிட்டாய் எந்த நேரத்தில் வாயில் போனது என்று யாரும் கேட்கவில்லை.

'சர்க்கரை தின்றால் பிள்ளைகள் வகுப்பில் ஆட்டம் போடுகிறார்கள்' என்று சில சுற்றறிக்கைகளில் வரும். இதை விட்டுவிடச் சொல்லுங்கள். 1995-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 23 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சர்க்கரைக்கும் பிள்ளைகளின் ஆட்டத்துக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. அதற்கு முந்தின வருடம் வெளிவந்த இன்னொரு சோதனை சுவாரசியமானது. தங்கள் பிள்ளைக்குச் சர்க்கரை ஒத்துக்கொள்ளாது, தின்றால் ஆடித் தீர்த்துவிடுவான் என்று நம்பிய அம்மாக்களையும் 5 முதல் 7 வயதுக்குட்பட்ட அவர்களுடைய மகன்களையும் வரவழைத்தார்கள். எல்லாப் பையன்களுக்கும் கொடுத்தது சர்க்கரையே இல்லாத பானம். ஆனால் பாதி அம்மாக்களிடம் 'நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்' என்றார்கள். அப்படிச் சொல்லப்பட்ட அம்மாக்கள் மகன் அதிகமாக ஆடுவதாகக் குறித்தார்கள். பக்கத்திலேயே நின்றார்கள், அதிகம் குறை சொன்னார்கள். சர்க்கரையைக் குறைக்க வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. இல்லாத காரணத்தைச் சொன்னால், ஒரு பிள்ளை மதியத்துக்கு மேல் கொஞ்சம் துள்ளினாலும் டீச்சரின் கண் அவன் டப்பாவுக்குத்தான் போகும்.

தடை போட்டால் ஆசை கூடும் என்று பெற்றோர் சொல்வதுண்டு. அதற்கு ஆதாரம் இருக்கிறது, ஆனால் அதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். ஜெனிஃபர் ஃபிஷர், லீன் பர்ச் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட சோதனை இது. சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரே வகையான பண்டத்தில் இரண்டு வைத்தார்கள். ஒன்றை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். இன்னொன்றைக் கண்ணில் படுகிற மாதிரி ஒரு தெளிந்த ஜாடியில் போட்டு, சிறிது நேரம் மட்டும் திறந்துவிட்டார்கள். பிள்ளைகளின் பேச்சு, கேட்பு, கை நீட்டல் எல்லாம் அந்த ஜாடியைச் சுற்றியே போனது.

இதை வைத்து 'பார்த்தீர்களா, தடையே கூடாது' என்பார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்த ஜாடி கண் முன்னால் இருந்தது என்பதுதான். வகுப்பில் யாரிடமும் சாக்லேட் இல்லை என்றால் ஜாடியே இல்லை. பிள்ளைகள் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். ஒருத்தியின் பிஸ்கட்டை எடுத்து டீச்சர் மேஜைமேல் வைத்தால், அன்று அந்த மேஜைதான் ஜாடி. பள்ளிச் சாப்பாட்டில் கேக் வரும் தட்டும் ஜாடிதான். அரைகுறைத் தடை, தடை இல்லாததைவிட மோசம் என்று நான் சொல்வது இதனால்தான். எல்லாருக்கும் பொருந்தினால் பிள்ளைகளுக்கு அது பழகிப்போகும். சிலருக்கு மட்டும் என்றால் அதே பண்டம் தங்கமாகிவிடும்.

இங்கேதான் மிட்டாய்ப் பரிசு வந்து நிற்கிறது. இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே இருப்பேன். ஒரு பண்டத்தைப் பரிசாகக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு அந்தப் பண்டத்தின் மேல் விருப்பம் கூடுகிறது என்பதை இதே லீன் பர்ச் 1980-இலேயே காட்டிவிட்டார். கணக்குக்கு மிட்டாய், கையெழுத்துக்கு மிட்டாய் என்று பழக்கும் பள்ளி, இனிப்பு என்பது நல்ல பிள்ளைகளுக்குக் கிடைப்பது என்று பாடம் நடத்துகிறது. அதே பிள்ளை அதே இனிப்பை வீட்டிலிருந்து கொண்டுவந்தால் குற்றவாளி. நாம் கொடுத்தால் பரிசு, நீ கொண்டுவந்தால் தப்பு என்பது உணவு விதியே இல்லை. யார் கை மேலே இருக்கிறது என்று காட்டுகிற விதி. ஏழு வயதுப் பிள்ளைக்கும் இது புரியும். அவளால் வார்த்தையில் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

பள்ளிச் சாப்பாட்டுக் கேக்கைப் பற்றிக் கேட்டால், 'அது ஊட்டச்சத்துக் கணக்குக்கு உட்பட்டது, வாரம் முழுவதும் சேர்த்துத் திட்டமிட்டது' என்ற பதில் வரும். உண்மையாகவும் இருக்கலாம். நான் மேலே சொன்ன இங்கிலாந்து விதிகளே மதியச் சாப்பாட்டோடு கேக்கும் பிஸ்கட்டும் தரலாம், அவற்றில் சாக்லேட், மிட்டாய் சேர்க்கக் கூடாது என்கின்றன. சரி, அந்த வாதத்தை அப்படியே எடுத்துக்கொள்வோம். திட்டமிட்ட வாரத்தில் ஒரு நாள் கேக் இருக்கலாம் என்றால், வீட்டு டப்பாவுக்கும் அதே நாளில் ஒரு சின்னப் பண்டம் இருக்கலாம். பள்ளிச் சாப்பாடு சாப்பிடுகிற பிள்ளையும் டப்பா கொண்டுவருகிற பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே மேஜையில் இரண்டு சட்டம் செல்லாது.

அப்புறம், அதிகம் பேசப்படாத ஒன்று. இந்த விதியின் பாரம் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. பிள்ளை ஒரு புது உணவை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து, சில நேரம் பதினைந்து முறைகூட அதை முன்னால் வைக்க வேண்டியிருக்கும் என்று நாங்கள் எல்லோரும் அறிவுரை சொல்கிறோம். சொல்வது சுலபம். பத்து முறை வைத்தால் பத்து முறை அது குப்பைக்குப் போகலாம். கையில் காசு குறைவாக இருக்கிற வீட்டில் அது பழம் மட்டும் வீணானதாகாது. அன்றைக்குப் பிள்ளை பட்டினி. அமெரிக்காவில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் சொன்னது: வருமானம் குறைந்த பெற்றோர் பலர், வீணாகிவிடும் என்ற பயத்தால்தான் பிள்ளை உறுதியாகத் தின்னும் பண்டத்தை வாங்குகிறார்கள். அவர்களுக்கு எது நல்லது என்று தெரியாமல் இல்லை. பிஸ்கட் கெடாது, நசுங்காது, கறுக்காது. பிள்ளை திருப்பிக் கொண்டுவராது. வெட்டிவைத்த ஆப்பிள் மதியத்துக்குள் கறுத்துப்போய்விடும், பிள்ளை தொடாது. இரண்டு வேலை பார்த்துவிட்டு வந்து டப்பா கட்டுகிற அம்மாவுக்கும், வீட்டில் சமையலுக்கு ஆள் இருக்கிற அம்மாவுக்கும் 'பிஸ்கட் கூடாது' என்ற இரண்டு சொல் விதியின் எடை ஒன்றாக இருக்காது. அதற்காக விதியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. விதி போடுகிற பள்ளி, டப்பா காலியாக வந்தால் கொடுக்க ஒரு கூடைப் பழமாவது அலுவலகத்தில் வைத்திருக்க வேண்டும். எடுக்க மட்டும் கை நீள்கிறது, கொடுக்க நீளவில்லை என்றால் அந்த விதியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் வராது.

விலக்குகள் பற்றி. இவை இல்லாத விதி அநியாயம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. முதல் வகை (டைப் 1) நீரிழிவு உள்ள பிள்ளைக்கு ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், உடனே குளுக்கோஸோ ஜூஸோ வேண்டும். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். அந்த நேரத்தில் 'இது அனுமதிக்கப்பட்ட பண்டமா' என்று ஒரு மாற்று டீச்சர் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. அந்தப் பிள்ளையின் பையில் இருப்பது மருந்து என்று பள்ளியில் உள்ள அத்தனை பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆட்டிச நிறமாலையில் உள்ள பிள்ளைகளில் சிலர் நான்கைந்து உணவுகளை மட்டுமே சாப்பிடுவார்கள். அதுவும் ஒரே பிராண்ட், ஒரே வடிவம். அந்த நான்கில் ஒன்று பிஸ்கட்டாக இருக்கும். அதை எடுத்தால் அவன் பழத்துக்கு மாற மாட்டான்; எதையும் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பான். எடை குறைந்த பிள்ளைக்கு மருத்துவரே கலோரி கூட்டச் சொல்லியிருக்கலாம். இதையெல்லாம் மற்ற பிள்ளைகள் முன்னால் விளக்கும்படி வைக்காமல், ஒரு சீட்டில் முடித்துக்கொள்ள வழி இருக்க வேண்டும்.

ஒவ்வாமை வேறு கணக்கு. வேர்க்கடலையைத் தடுக்கும் விதியையும் சாக்லேட்டைத் தடுக்கும் விதியையும் ஒரே பட்டியலில் எழுதுவதை நான் எதிர்ப்பேன். ஒன்று பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் உயிரைப் பற்றியது. மற்றது உங்கள் பிள்ளையின் பழக்கத்தைப் பற்றியது. இரண்டையும் கலந்தால் பெற்றோர் இரண்டையுமே லேசாக எடுத்துக்கொள்வார்கள். கடலைத் தடையும்கூட எல்லாரும் நினைக்கிற அளவுக்குக் காப்பாற்றுவதில்லை. 2021-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல், பள்ளி முழுவதும் ஓர் உணவைத் தடை செய்வதைவிட, ஊழியர்களுக்குப் பயிற்சி, ஒவ்வொரு பிள்ளைக்கும் அவசரத் திட்டம், கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போட வேண்டிய எபிநெஃப்ரின் ஊசி கைவசம் ஆகியவற்றுக்கே முதலிடம் கொடுத்தது. ஆதாரம் வலுவானதல்ல என்று அதை எழுதியவர்களே குறிப்பிட்டார்கள். ஆகவே உங்கள் பள்ளி கடலை வேண்டாம் என்றால் கேள்வி கேட்காமல் விட்டுவிடுங்கள். ஆனால் ஊசி எங்கே இருக்கிறது, யாருக்குப் போடத் தெரியும் என்று கேளுங்கள்.

இனி, அந்த எடுத்து வைத்த விஷயம். ஏழு வயதுப் பிள்ளை டப்பா கட்டுவதில்லை. கடைக்குப் போவதில்லை, சுற்றறிக்கை படிப்பதில்லை. அவள் செய்த ஒரே காரியம், அம்மா கொடுத்ததைத் திறந்தது. பெரியவர்கள் இருவருக்கு இடையே இருக்கிற கருத்து வேறுபாட்டுக்கு அவளைத் தண்டித்தாயிற்று, அதுவும் தோழிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அவள் அங்கே இரண்டு விஷயம் கற்றிருப்பாள்: அம்மா ஏதோ தப்பு செய்துவிட்டாள், என் சாப்பாட்டை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். இரண்டுமே பள்ளி சொல்லிக்கொடுக்க நினைத்த ஊட்டச்சத்துப் பாடம் இல்லை.

பள்ளிக்கு டப்பாவைத் திறந்து பார்க்கும் உரிமை உண்டா என்றால், ஊருக்கு ஊர் மாறும். பறிமுதலை அனுமதிக்கும் இடங்களும் இருக்கின்றன. ஆனால் உரிமை இருப்பது வேறு, அதை ஒரு பிஸ்கட்டுக்காகப் பயன்படுத்துவது வேறு. பிள்ளை வைத்திருப்பது ஆபத்தான பொருள் இல்லை என்றால், அன்றைக்கு அவள் சாப்பிடட்டும். குறிப்பு பெற்றோருக்குப் போகட்டும். ஆசிரியருக்கும் இதுதான் சுலபம்: அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற வேலை இல்லை.

ஐ.நா.வின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையை இரண்டு தரப்பும் மேற்கோள் காட்டலாம். சத்துள்ள உணவு பிள்ளையின் ஆரோக்கிய உரிமையில் அடக்கம் என்கிறது 24-ஆவது பிரிவு. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது 12-ஆவது. பள்ளிகளுக்கு 24 நினைவிருக்கிற அளவுக்கு 12 நினைவில் இருப்பதில்லை. பத்துப் பதினொரு வயதுக்கு மேல் இது நடைமுறையிலும் முக்கியம். அந்த வயதில் தடை போட்டால் சாக்லேட் டப்பாவிலிருந்து சட்டைப் பைக்கு மாறும், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அட்டையைப் படிக்கச் சொல்லி, வாரத்தில் எந்த நாள் என்ன வைக்கலாம் என்று அவர்களையே முடிவெடுக்கச் சொன்னால் பெரியவர்கள் எழுதியதைவிடக் கறாரான விதியை எழுதுவார்கள்.

சரி, இப்போது நீங்கள் என்ன செய்யலாம்?

பிஸ்கட்டுக்காகச் சண்டை போடாதீர்கள். அந்தச் சண்டையில் 'ஆரோக்கியத்துக்கு எதிரான அம்மா' என்று உங்களை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மறுபடியும் பிஸ்கட் வைத்து அனுப்பி டீச்சரைச் சோதிக்கவும் வேண்டாம். இடையில் மாட்டுவது பிள்ளைதான். கோபம் ஆறியதும் ஒரு சின்னக் கடிதம் எழுதுங்கள். இப்படி:

'வணக்கம் மிஸ். டப்பாவில் பிஸ்கட் வைத்தது நான். இனி விதிப்படியே அனுப்புகிறேன். ஏதாவது தவறி வந்துவிட்டால் அதைப் பிள்ளையிடமிருந்து எடுக்காமல் சாப்பிடவிட்டு, எனக்கு எழுதுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். பரிசாக மிட்டாய்க்குப் பதில் ஸ்டிக்கரோ பென்சிலோ கொடுத்தால் உதவியாக இருக்கும். பள்ளிச் சாப்பாட்டில் கேக் வரும் நாளை முன்கூட்டியே சொன்னால், அன்று அவளுக்கும் ஒரு சின்னப் பண்டம் வைக்கலாமா?'

இதில் குறை சொல்லும் வார்த்தை ஒன்றுகூட இல்லை, ஆனால் கேட்க வேண்டியது எல்லாம் இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு மறுப்பு என்றால், 'வைக்கக் கூடாது' என்று அவர்கள் எழுத்தில் பதில் தர வேண்டியிருக்கும். தந்தால், ஏன் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்கலாம். தனியாகக் கேட்பதைவிட இன்னும் நாலு பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். நிச்சயம் அவர்களுக்கும் இதே மாதிரி ஒரு டைரிக் குறிப்பு வந்திருக்கும்.

பிள்ளையிடம் சொல்ல வேண்டியது அதிகமில்லை. 'நீ ஒன்றும் தப்பு செய்யவில்லை. பள்ளிக்கு பிஸ்கட் வேண்டாமாம், வீட்டுக்கு வந்ததும் சாப்பிடலாம்' என்றால் போதும். டீச்சரைத் திட்டாதீர்கள், அவள் நாளைக்கும் அந்த டீச்சர் முன்னால்தான் உட்கார வேண்டும். வீட்டில் பிஸ்கட்டைக் கொடுக்கும்போது 'சோறு முழுக்கச் சாப்பிட்டால்தான்' என்று நிபந்தனையும் வைக்க வேண்டாம். வைத்தால் பள்ளியின் மிட்டாய்ப் பரிசும் நம் பிஸ்கட்டும் ஒன்றாகிவிடும்.

பள்ளி எந்த அளவுக்கு இறங்கிவரும் என்று கேட்டால், நான் பார்த்தவரை 'பிள்ளையிடமிருந்து எடுக்க மாட்டோம், பெற்றோரிடம் பேசுவோம்' என்ற வரியைச் சேர்க்கப் பெரும்பாலும் சம்மதித்துவிடுகிறார்கள். மிட்டாயை ஸ்டிக்கராக மாற்றக் கொஞ்சம் முனகுவார்கள், ஆனால் மாற்றிவிடுவார்கள். இழுபறி நடப்பது கேக்கில்தான். சமையல் ஒப்பந்தம், வாரப் பட்டியல் என்று ஏதாவது குறுக்கே வரும். அங்கே ஒரு பருவம் முழுவதும்கூட ஆகலாம். ஆனாலும் கேட்டுக்கொண்டே இருங்கள்.